சிவலையின் இடது பின்னங்கால்

எனக்கு வாய் நீளம். மத்தவங்க சொல்ல முந்தி நானே சொல்லிவிடுறன். என்ட வீட்டுக்காரர் கண்டக்குழிக் கரையில மீன் பிடிக்கிற பைபர் போட்டுகள் பழுது பாக்கிறவர். நாள் முழுக்க எஞ்சின் சத்தத்துக்குள்ளயும் கடல் இரைச்சலுக்குள்ளயும் நிண்டு பழகினதால என்ட சத்தம் அவருக்கு ஒரு கணக்கே இல்ல. ஏசினா ஏசி முடியிற மட்டும் தேத்தண்ணியக் குடிச்சுக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட எனக்கு ஒரு விஷயத்தில மட்டும் வாய் அடைச்சுப் போச்சு. அது சிவலைட விஷயம்.

சிவலை எங்கட பசு. சிவப்பு நிறம், அதனால சிவலை. எங்கட எண்டு சொன்னாலும் சரியாப் பாத்தா என்ட நானாட பசு. நானா எனக்கு மூத்தவர், புத்தளம் டவுனில கடை வெச்சிருக்கிறார். நான் கல்யாணம் முடிச்சு, நுரைச்சோலைக்கும் கண்டக்குழிக்கும் நடுவில இந்த மணல் பூமிக்கு வந்த புதுசில, "தங்கச்சி, இதை வளத்துக்கொள்ளு, கைக்கு ஒரு வேலையாகவும் இருக்கும்" எண்டு இன்னும் கண்டு போடாத ஒரு நாகு மாட்டை லொறியில ஏத்தி அனுப்பினார். வாரத்துக்குத்தான் தந்தார். மாடு அவருக்கு, பால் எனக்கு, பிறக்கிற கண்டுகள்ல ஒண்டு அவருக்கு, அடுத்தது எனக்கு. இதுதான் எங்கட பக்கத்தில வார முறை. அதுக்கு எழுத்தும் இல்ல, சாட்சியும் இல்ல. அவர்ட முறைக் கண்டு பிறந்தா அவருக்குப் போன் அடிப்பன், அவர் "மாஷா அல்லாஹ், பால் மறக்கடிச்சதும் ஆள் அனுப்புறன்" எண்டுவார். அவ்வளவுதான்.

என்ட பிள்ளைகள் சிவலைட பாலில வளந்ததுகள். அவளும் லேசுப்பட்டவள் இல்ல. நான் பக்கத்தில குந்தி நாலு ஏச்சு ஏசினாத்தான் பால் இறக்குவாள். வேற யாராவது நைசாத் தடவிக் குடுத்துக் கறக்கப் போனா, மடியில ஒரு சொட்டும் இல்லாத மாதிரி நிப்பாள். "உனக்கும் உன்ட மாட்டுக்கும் ஒரே குணம்" எண்டு வீட்டுக்காரர் சொல்லுவார். நான் கோவிக்கிறதில்ல, உண்மைதானே.

வயசு போச்சு. கடைசிக் கண்டுக்குப் பிறகு பால் வத்திச்சு. மாட்டாஸ்பத்திரியில இருந்து வந்து சினை ஊசி போட்டாங்க, தங்கல்ல. பொறகு அவள் கத்தவுமில்ல, ஒண்டுமில்ல. பருவத்துக்கு வாற பசு கத்தும், கயித்த இழுக்கும், மத்த மாட்டில தாவும். இவள் பேசாமத் தென்னைக்குக் கீழ நிண்டு அசை போட்டாள். கிழவிட காலம் முடிஞ்சுது எண்டு நானும் நினைச்சன். முடிஞ்சா என்ன? எங்களோட நிண்டு தின்னட்டும் எண்டுதான் என்ட எண்ணம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு நானா வந்தார். சோறு தின்டிட்டு, கதிரைய வெளிய போட்டு, சிவலையப் பாத்துக்கொண்டிருந்தார். பொறகு மெதுவாக் கேட்டார்.

"பாலும் இல்ல, கண்டும் இல்ல, என்ன தங்கச்சி?"

"ஓம் நானா."

"இந்த ஹஜ்ஜுக்கு இவளையே குர்பான் குடுப்பம் எண்டு எனக்கு ஒரு நிய்யத்து."

வேற யாராவது விலை பேச வந்திருந்தா மம்பட்டியத் தூக்கிக்கொண்டு படலை மட்டும் துரத்தியிருப்பன். இது நானா. மாடு அவர்ட. கேக்கிறது குர்பானுக்கு, பெருநாளைக்கு அறுத்துப் பங்கிடுறதுக்கு. அல்லாஹ்வுக்காகப் போற மாட்டைக் குறுக்க நிண்டு மறிக்கிறதா? நாவு அப்படியே மேலண்ணத்தில ஒட்டிக்கொண்டுது. "உங்கட விருப்பம் நானா" எண்டு சொல்லிப்போட்டு, கழுவின கோப்பைகளையே திரும்பக் கழுவப் போனன்.

பெருநாளுக்கு இன்னும் மாதங்கள் இருந்திச்சு. நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லல்ல. ஆனா தோட்டக்காரங்க வீசுற பீற்றூட் இலையில நல்லதாப் பொறுக்கி அவளுக்குத்தான் முதல்ல வெச்சன்.

அதுக்குப் பொறகுதான் கால் விஷயம் வந்திச்சு. எங்கட பூமி மணல். மாடு நடந்தா சத்தம் கேக்காது, தடத்தைத்தான் பாக்க வேணும். காலையில கூட்டிப் பெருக்கின முத்தத்தில அவள் தண்ணிக்கு வந்து போன தடம் இருக்கும். ஒரு நாள் பாக்கிறன், மூண்டு கால் தடம் ஆழமா இருக்கு, இடது பின்னங்கால் தடம் மட்டும் மேலால தொட்டும் தொடாத மாதிரி. ஆளைப் போய்ப் பாத்தன். முதுகு வளைஞ்சு நிக்கிறாள். அந்தக் காலை நுனியில மட்டும் ஊண்டி, கொஞ்சம் தூக்கி, திரும்ப ஊண்டி. நடக்கச் சொல்லித் தட்டினா ஒவ்வொரு எட்டுக்கும் தலை ஆடுது. நகம் ரெண்டும் நீண்டு, பழைய செருப்பு மாதிரி முன்னுக்கு வளைஞ்சிருந்திச்சு.

வீட்டுக்காரர் வந்து குனிஞ்சு பாத்தார். பாத்திட்டு, சாதாரணமா ஒரு கதை சொன்னார்.

"நொண்டி மாடு குர்பானுக்குக் கூடாது, தெரியும்தானே?"

தெரியும். சின்ன வயசில ஓதின காலத்திலயே தெரியும். கண் குருடு, தீராத நோய், வெளிப்படையான நொண்டி, எலும்பும் தோலுமானது, இதுகள் குர்பானுக்குச் சரிவராது. தெரிஞ்ச விஷயம்தான், ஆனா அவர் சொன்ன பொறகுதான் மண்டையில ஏறிச்சு. யா அல்லாஹ், அந்த நிமிஷம் எனக்கு வந்த மூச்சை நான் எப்படிச் சொல்ல! அந்த வெள்ளிக்கிழமையில இருந்து நெஞ்சில ஏறி இருந்த கல்லு இறங்கின மாதிரி. சிவலைட கழுத்தைக் கட்டிப் பிடிச்சன். அவள் கால் நோவில நிக்கிறாள், நான் சிரிக்கிறன்.

"சிரிக்கிறது போதும். காலுக்கு என்ன செய்யப் போறம்?" எண்டார் அவர்.

"ஒண்டும் செய்ய வேணாம்."

"நோவுதே புள்ள."

"நொந்தாலும் உசிரோட இருப்பாள்."

அவர் நிமிர்ந்து என்னையே பாத்தார். அவர் அப்படிப் பாத்தா எனக்குப் பத்திக்கொண்டு வரும். "என்ன, என்னைப் பாக்கிறீங்க? காலைச் சுகமாக்கி நானாட கையில குடுக்கவா?" எண்டு கத்தினன். அவர் அந்தக் காலைத் திரும்பத் தொட்டுப் பாத்தார். கடைசியில, "ஓட்டையப் பாத்துக்கொண்டு சும்மா நிக்க எனக்குப் பழக்கமில்ல" எண்டார்.

"அப்ப ஒண்டு செய்யுங்க. நோவ மட்டும் எடுங்க, நொண்டலை விட்டிடுங்க."

"உனக்கு என்ன விசரா?"

எனக்கு விசர் இல்ல. அது நடக்கக்கூடிய காரியமாத்தான் அப்ப பட்டிச்சு. அவருக்கும் ஒரு யோசனை இருந்திச்சு. வெளிப்பக்க நகத்தைத் தொட்டாத்தான் அவள் துள்ளுறாள், உள்பக்க நகத்தைத் தொட்டா பேசாம இருக்கிறாள். அப்ப பழுது வெளிப்பக்கத்தில. போட்டில அடி ஓட்டையானா என்ன செய்வாங்க? ஓட்டை உள்ள இடத்தில பைபர் துணிய வெச்சு, ரெசின் பூசி, காய விடுவாங்க. ரெசின் எண்டா பாணி மாதிரி ஒரு பசை, அதுக்குள்ள காட்னர் கொஞ்சம் விட்டா இறுகிக் கல்லாகும். அவர் ஒரு தடிச்ச றப்பர் செருப்பை அளவா வெட்டி, நோவுற நகத்துக்கு அடியில வெச்சு, சுத்திவர ரெசினால அடைச்சுவிட்டார். மெத்தையில மிதிக்கிற மாதிரி இருக்கும், நோவு குறையும் எண்டார். வேலை சுத்தம். இந்தக் கரையில அவர் அடைச்ச போட்டுக்குள்ள ஒரு துளி தண்ணி போகாது.

மாட்டுக்குள்ளயும் ஒண்டும் போகல்ல. உள்ள இருந்ததும் வெளிய வரல்ல.

அடுத்தடுத்த நாள் அவள் ஒழும்புறதைக் குறைச்சாள். பொறகு தண்ணிக்கும் வரல்ல, நான் வாளியில கொண்டு போய் வெச்சன். கணுக்காலுக்கு மேல வீங்கி, தொட்டா சூடு. பீற்றூட் இலைய மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனன், முகத்தைத் திருப்பினாள். சிவலை தின்ன மறுத்து நான் ஒரு நாளும் கண்டதில்ல. சுபஹ் தொழுதிட்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போன நேரம் ஒரு சத்தம் கேட்டிச்சு. எலி எதையோ கறும்புது எண்டு நினைச்சன். எலி இல்ல. அவள் பல்லை நறநற எண்டு கடிச்சுக்கொண்டு படுத்திருந்தாள். கண் ரெண்டும் திறந்துதான் இருந்திச்சு, ஆனா நான் வந்ததை அவள் பாக்கல்ல.

அதோட எனக்கு ஏலாமப் போச்சு. கொட்டிலுக்குள்ளயே குந்தி அழுதன். இந்த நோவைக் காவல் வெச்சு இவள்ட உசிரைப் பிடிச்சு வெச்சிருக்க என்னால ஏலா. போறதெண்டா நாலு கால்ல நடந்து போகட்டும் எண்டு சொல்லிக்கொண்டே ஒழும்பி, மாட்டு டொக்டருக்குப் போன் அடிச்சன். வீட்டுக்காரரிட்டக் கேக்கல்ல. கேட்டிருந்தா அவர் எப்பவோ அடிக்கச் சொல்லியிருப்பார்.

டொக்டர் ஒரு சிங்களப் பிள்ளை. குருநாகல் பக்கம். எங்கட பகுதிக்கு வந்து மாடுகளுக்கு வைத்தியம் பாத்தே தமிழ் பழகினவ. தலைக்கவசத்தைக் கழட்ட முந்தியே சிவலையப் பாத்து, "அனே, பவ்!" எண்டா. அந்த இரக்கம் விளங்க எந்தப் பாஷையும் தெரிய வேண்டியதில்ல. பொறகு காலைப் பாத்தா. செருப்பையும் ரெசினையும் பாத்தா. முகம் மாறிச்சு.

"அக்கா, இது யார் வேலை?"

நான் வீட்டுக்காரரைப் பாத்தன். அவர் கைய உயர்த்தினார், பள்ளிக்கூடத்தில பொடியன் உயர்த்துற மாதிரி.

"ஓட்டை எங்கயோ அங்கதானே டொக்டர் ஒட்டு?"

"போட்டுக்குச் சரி. போட்டுக்குச் சீழ் பிடிக்கிறதில்லையே ஐயா. உள்ள சீழ் இருக்கு. நீங்க மூடியும் போட்டுக் குடுத்திருக்கீங்க."

சிவலைய ஒழுப்பி ரெண்டு தென்னைக்கு நடுவில கட்டினம். குறுக்க ஒரு மரத்தைக் கட்டி, தொடைக்குக் கீழ அகலமான துணி சுத்தி, அதுக்கு மேல கயித்தைப் போட்டு, அந்தக் காலைப் பின்பக்கமாத் தூக்கிக் கட்டினார் வீட்டுக்காரர். கயிறு கட்டுற விஷயத்தில டொக்டரும் அவர்ல ஒரு குறையும் காணல்ல. நான் தலைமாட்டில நிண்டு கொம்பைப் பிடிச்சுக்கொண்டன். டொக்டர் குந்தி முதல்ல அந்த ஒட்டை உடைச்சு எடுத்தா. பொறகு நுனி வளைஞ்ச ஒரு கத்தியால நகத்தைச் சீவத் தொடங்கினா. மேல்ப்பக்கம் கறுப்பாக் கிடந்தது சீவச் சீவ உள்ள வெள்ளையா வந்திச்சு. தேங்காய்ச் சொட்டுச் சீவுற மாதிரி துண்டு துண்டா மணல்ல விழுந்திச்சு.

"மணல்ல நடக்கிற மாட்டுக்கு நகம் தேயாது அக்கா. கல்லுத் தரையில தேயும். இங்க நாங்கதான் வெட்ட வேணும். நீண்டா பாரம் பிழையான இடத்தில விழும், ஓரம் பிளக்கும், ஊத்தை உள்ள போகும்."

இவ்வளவு காலம் மாடு வளத்தும், கைவிரல் நகம் வெட்டுற நாங்க மாட்டுக்கு வெட்ட வேணும் எண்டு யோசிக்கல்ல. மணல் மெது, காலுக்கு நல்லது எண்டுதான் எங்கட ஆக்கள் எல்லாரும் நினைச்சம்.

டொக்டர் ஒரு குறட்டால நகத்தை அங்கயும் இங்கயும் மெதுவா அமத்தினா. ஒரு இடத்தில சிவலை உடம்பு முழுக்க உதறினாள். "இங்கதான்." அந்த இடத்தில வெள்ளைக்குள்ள ஒரு கறுப்புக் கோடு. அதைப் பின்தொடர்ந்து கத்தி நுனி போச்சு, கொஞ்சம் கொஞ்சமா. நான் சிவலைட காதுக்குள்ள வாய் வெச்சு ஏசினன். "நில்லுடி மூதேவி, ஆடாத, உனக்குத்தான் பாக்கிறா, நீ உதைச்சா டொக்டர் பிள்ளைக்குக் காயம் வரும், நில்லுடி என்ட தங்கமே." ஏச்சும் கொஞ்சலும் ஒண்டாத்தான் வந்திச்சு. அவள்ட மூச்சு என்ட கழுத்தில சுடச்சுட அடிச்சுது.

திடீரெண்டு கறுப்பும் மஞ்சளுமா ஒரு தண்ணி பீச்சி அடிச்சுது, டொக்டர்ட காற்சட்டை முழுக்க. அந்த நாத்தம் எங்கட இறால் வளவுக்காரங்க செத்த இறால் கொட்டுற நாள்லயும் வராது. வீட்டுக்காரர் மூக்கைப் பொத்தினார். டொக்டர் பொத்தல்ல. "போ, போ, எல்லாம் போ" எண்டு சிங்களத்திலயும் தமிழ்லயும் சொல்லிக்கொண்டு அமத்தி அமத்தி எடுத்தா. எனக்கு நாத்தம் தெரியல்ல. சிவலை ஒரு பெருமூச்சு விட்டாள். அவள்ட தலை முழுப் பாரமும் என்ட தோளில இறங்கிச்சு. கண்ணை மூடினாள். அவ்வளவு நாளும் இறுகி இருந்த தாடை மெதுவா அசைஞ்சு, அசை போடத் தொடங்கினாள். காலைக் கட்டித் தூக்கி வெச்சிருக்கிற நிலையிலயே அசை போட்டாள். நான் அல்ஹம்துலில்லாஹ் எண்டு சத்தமாவே சொன்னன்.

புண்ணைக் கழுவி மருந்து போட்ட பொறகு, டொக்டர் ஒரு புதினமான கதை சொன்னா. செருப்பு போடத்தான் வேணும், ஆனா நோவுற நகத்துக்கு இல்ல, நல்ல நகத்துக்கு. மாட்டுக் குளம்பு ரெண்டாப் பிளந்துதானே இருக்கு. நல்ல பக்கத்துக்கு அடியில ஒரு பலகைத் துண்டை ஒட்டினா அது உயரும். நோவுற பக்கம் நிலத்தில படாமத் தொங்கும். பாரம் முழுக்க நல்லதில, புண் காத்தில காயும்.

வீட்டுக்காரர் நெத்தியில அடிச்சுக்கொண்டார். "போட்டுக்கு முட்டுக் குடுத்துத் தூக்கி வெச்சு அடியக் காய விடுற வேலைதானே இது! எனக்கு ஏன் இது ஓடல்ல?"

பலகைக்குப் பஞ்சமில்ல, வேப்பம் பலகையில ஒரு துண்டை அவர் அரைமணித்தியாலத்தில நகத்தின்ட அளவுக்கே இழைச்சுக் கொண்டு வந்தார். ஒட்டுற பசைதான் டொக்டரிட்ட இல்ல, முடிஞ்சு போச்சாம், கொழும்பில இருந்து வர வேணுமாம். வீட்டுக்காரர் ரெசின் டின்னைக் காட்டினார். டொக்டர் தலையாட்டல்ல. அது இறுகிற நேரம் சுடும், நகத்துக்குள்ள உசிர் இருக்கு, வெந்து போகும் எண்டா. "காட்னரைக் குறைச்சா சூடு குறையும், இறுக நேரம் எடுக்கும், அவ்வளவுதான்" எண்டு சொல்லி, இவர் கொஞ்சமாக் கலக்கி, முதல்ல தன்ட பெருவிரல் நகத்தில பூசிக்கொண்டார். பூசிக்கொண்டு அசையாம நிண்டார். டொக்டர் அவர்ட விரலைப் பிடிச்சுப் பிடிச்சுப் பாத்தா. எங்க மூண்டு பேரோட சிவலையும் திரும்பி அவர்ட விரலைத்தான் பாத்தாள்.

"சுடுதா?"

"இளஞ்சூடு. வெயில்ல நிண்ட மாதிரி."

"அப்ப பூசுங்க. மெல்லிசா."

அவர் பூசினார். டொக்டர் பலகைய நல்ல நகத்தில வெச்சுப் பிடிச்சா. நான் மனுசன்ட முகத்தைப் பாத்தன். பிள்ளைட தலைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரி இருந்திச்சு அந்த முகம். அண்டைக்கு எனக்கு அவரில வந்த பட்சத்தை நான் அவருக்கு இண்டைக்கும் சொல்லல்ல. சொன்னாத் தலையில ஏறி இருப்பார்.

கயித்தை அவிழ்த்தம். சிவலை காலைக் கீழ வெச்சாள். சந்தேகமா ஒருக்காத் தொட்டாள், எடுத்தாள், திரும்ப வெச்சாள். பொறகு முழுசா ஊண்டினாள்.

டொக்டர் கை கழுவுற நேரம் நான் கேட்டன், "இது முழுசாச் சுகமாகுமா? நொண்டலே இருக்காதா?"

"இருக்காது அக்கா. சின்னப் பிள்ளை மாதிரி நடப்பா."

நான் அழுதிட்டன். டொக்டர் சந்தோஷத்தில அழுறன் எண்டு நினைச்சு, ஈரக் கையாலயே என்ட முதுகைத் தட்டினா. நானும் விளங்கப்படுத்தப் போகல்ல.

அதுக்குப் பொறகு எனக்கு வேற வேலை இல்லாமப் போச்சு. கொட்டில் மணலை ஈரம் படவிடாம வாரி, காஞ்ச மணல் போட்டன். டொக்டர் சொன்ன மாதிரிக் கழுவி, துடைச்சு, மருந்து வெச்சன். கால் பிடிச்சுப் பழகினதால, நான் மருந்துப் போத்தலோட வந்தாலே அவள் தானாக் காலைத் தளத்தித் தருவாள். முத்தத்தில அவள்ட தடமும் மாறிச்சு. மூண்டு தடம் வழக்கம் போல, நாலாவது பலகைத் தடம். முதல்ல லேசாப் பட்டது, பொறகு மத்தது மாதிரியே ஆழமா. பலகை தேஞ்சு கழண்டு விழுந்த பொறகும் நாலும் ஒரே ஆழம். ஒவ்வொரு நாள் விடியவும் அதைப் பாத்துச் சந்தோஷப்பட்டன். சந்தோஷப்பட்ட வாயாலேயே பெருநாள் எப்ப எண்டும் கேட்டன்.

பெருநாளுக்கு முந்தின கிழமை நானா வந்தார். லொறி பெரிய ரோட்டில நிண்டுது, எங்கட ஒழுங்கைக்குள்ள வந்தா சில்லுப் புதையும். அவர் கதிரையில இருக்கல்ல. கொட்டிலுக்குப் பக்கத்தில நிண்டுகொண்டு கேட்டார்.

"நொண்டுது எண்டு மச்சான் போன்ல சொன்னாரே?"

வீட்டுக்காரர் நிலத்தைப் பாத்தார். ஓம் எண்டு நான் ஒரு சொல்லுச் சொன்னா அவள் தப்பிடுவாள். அவள் சும்மா நிக்கிற மட்டும் நொண்டுறாளா இல்லையா எண்டு யாருக்குத் தெரியும்? அந்தச் சொல்லு தொண்டை மட்டும் வந்திச்சு. ஆனா குர்பான் விஷயத்தில பொய்யா? அதோட, டொக்டர் பிள்ளைட காற்சட்டையில தெறிச்சதையும் மனுசன்ட பெருவிரலையும் நான் எங்க கொண்டு போய் மறைக்க? கயித்தை அவிழ்த்து, முத்தத்தைச் சுத்தி அவளை நடத்திக் காட்டினன்.

"நொண்டினாள். இப்ப இல்ல. பாருங்க நானா, ஒரு நொண்டலும் இல்ல."

கயித்தை அவர்ட கையில குடுத்தன். அவர் கயித்தைப் பாக்கல்ல, என்னைப் பாத்தார்.

"அழுறியா?"

"அழுறன்தான். குடுக்கிறவங்க அழக்கூடாது எண்டு எங்கயும் இருக்கா?"

அவர் பிஸ்மி சொல்லி நடந்தார். சிவலை பின்னால போனாள். வீட்டுக்காரர் கூடப் போனார். நான் படலையில நிண்டு பாத்தன். அவள் நடக்கிறதைப் பின்னால நிண்டு பாக்க எவ்வளவு வடிவா இருந்திச்சு! நாலு காலும் நேரா, முதுகு நேரா, தலை ஆடாம. நல்லாக்கினதும் நாங்க, அனுப்புறதும் நாங்க.

ஒழுங்கைட முடிவில பக்கத்து வீட்டுக்காரர்ட நாகு ஒண்டு வேலியோரம் கட்டிக் கிடந்திச்சு. அதுக்குக் கிட்டப் போனதும் சிவலை நிண்டாள். நானா இழுத்தார். அவள் கழுத்தை நீட்டி ஒரு கத்துக் கத்தினாள் பாருங்க, ஊரே திரும்பிப் பாக்கிற மாதிரி! கத்திப்போட்டு, கயித்தோட நானாவையும் இழுத்துக்கொண்டு பாஞ்சு, பின்னங்கால் ரெண்டிலயும் முழுப் பாரத்தை ஊண்டி, அந்த நாகுல தாவினாள். நானா மணல்ல குப்புற விழுந்தார். தொப்பி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். வீட்டுக்காரர் அவரைத் தூக்குறதா சிரிக்கிறதா எண்டு தெரியாம நிண்டார்.

நான் விழுந்தடிச்சு ஓடினன். எனக்கு நானாவும் தெரியல்ல, ஒண்டும் தெரியல்ல, காலுக்கு என்ன நடந்திச்சோ எண்டுதான். ஓடிக்கொண்டே டொக்டருக்குப் போன் அடிச்சன். "டொக்டர், இவளுக்கு விசர் பிடிச்சிட்டு! கத்துறாள், தாவுறாள், காலை உடைக்கப் போறாள்!"

போன்ல டொக்டர் சிரிக்கிற சத்தம் எல்லாருக்கும் கேட்டிச்சு. "விசர் இல்ல அக்கா, பருவம். நகம் நீண்டு கன காலமாக் கால் நோவுற மாடு பருவம் வந்தாலும் காட்டாது. கத்தாது, தாவாது. பின்னங்கால்ல ஊண்டத்தானே வேணும்? கால் சுகம், இப்ப காட்டுறா. சினை ஊசி போட்டுப் பாப்பமா?"

"தங்குமா?"

"வயசு போனவதானே. தங்கலாம், தங்காமலும் போகலாம். இப்பவே தெரியாது."

நானா மணலைத் தட்டிக்கொண்டு ஒழும்பினார். எல்லாத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"தெரியாதாமா?"

"தெரியாதாம்" எண்டன்.

அவர் ரோட்டில நிண்ட லொறியப் பாத்தார். சிவலையப் பாத்தார். அவள் இறங்கி, ஒண்டும் நடக்காத மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு நிண்டாள். நானா குனிஞ்சு அவள்ட இடது பின்னங்காலைத் தடவிப் பாத்தார். கடைக்காரர், மாட்டுக் காலைத் தொட்டு நான் கண்டதில்ல.

"மச்சான், கண்டு போடுற மாட்டை அறுக்க ஏலாதுதானே?"

"ஏலாது" எண்டார் வீட்டுக்காரர்.

"போடுமா போடாதா எண்டு தெரியிற மட்டும் கொண்டு போகவும் ஏலாதுதானே?"

வீட்டுக்காரர் பெரிய மௌலவி மாதிரித் தாடியத் தடவி யோசிச்சார். "அதுவும் ஏலாதுதான்."

"நான் நேர்ச்சை ஒண்டும் வெக்கல்ல. நிய்யத்துத்தான், இவள்தான் எண்டு முடிவா ஒதுக்கி வெக்கல்ல. டவுனில வேற மாட்டில பங்கு சேருவன்." கயித்தை என்ட பக்கம் நீட்டினார். "இந்தா. ஊசியப் போட்டுப் பாரு. தெரிஞ்சாச் சொல்லு."

ஊசி போட்டம். தங்கல்ல. அடுத்த பருவத்துக்கும் போட்டம், அதுவும் தங்கல்ல. கருப்பைக்கு வயசு போச்சு, இனிப் போட்டு இவவை வருத்த வேணாம் எண்டு டொக்டர் சொல்லிட்டா. இப்ப அவ வாறது நகம் வெட்ட மட்டும்தான்.

நானா ஒவ்வொரு ஹஜ்ஜுக்கு முந்தியும் போன் அடிக்கிறார். போன கிழமையும் அடிச்சார். கடை, பிள்ளைகள், மழை இல்லாத கதை எல்லாம் கதைச்சு முடிஞ்ச பொறகு, தொண்டையச் செருமிக்கொண்டு கேட்டார்.

"தங்கச்சி, சிவலைட விஷயம் ஏதும் தெரிஞ்சுதா?"

"இன்னும் தெரியல்ல நானா."

"அப்ப சரி. அவசரமில்ல, வடிவாத் தெரியட்டும்."